பன்னிரண்டு கிணறும் ஒரு மனுவும்

அமெரிக்காவிலிருந்து கடிதம் வந்த மதியம் அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நான் அடுப்படி வாசலில் நின்று உறையைக் கத்தியால் கிழித்தேன். ஆங்கிலத்தில் ஒரு வரி படிப்பது, தமிழில் ஒரு வரி சொல்வது.

"காலேஜில எடம் குடுத்துட்டாங்களாம்."

துருவல் சத்தம் நிற்கவில்லை. "அப்புறம்?"

"படிப்புக்குச் சம்பளம் கட்ட வேணாமாம். தங்க, சாப்பிட எல்லாம் அவங்களே பாத்துக்குவாங்களாம்."

சத்தம் நின்றது. அம்மா புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். தேங்காய்ப்பூ புருவத்தில் ஒட்டிக்கொண்டது. பின்பக்கக் குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்த அப்பா, ஒரு கால் ஈரமும் ஒரு கால் சேறுமாக உள்ளே வந்து நின்றார்.

மூன்றாவது வரியைப் படித்தேன். வாய் திறந்தபடி இருந்தது. தமிழ் வரவில்லை.

"என்னடி, சொல்லு."

"சின்ன வயசிலேயே தாயைப் பறிகொடுத்தும் மனம் தளராம படிச்ச பொண்ணுன்னு எழுதியிருக்கு."

"யாரு?"

"நான்தான்."

"தாயின்னா?"

"நீதாம்மா."

அம்மா கையிலிருந்த தேங்காய் மூடியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கடிதத்தில் இன்னும் ஒரு வரி பாக்கி இருந்தது. அதையும் சொன்னேன். அந்த ஊர் மாதர் சங்கத்துப் பெண்கள், தாயில்லாத பிள்ளைக்குக் குளிருமே என்று ஒரு கம்பளிச் சட்டை பின்ன ஆரம்பித்துவிட்டார்களாம்.

நானும் அம்மாவும் ஒரே நேரத்தில் திரும்பினோம். அப்பா தன் சேற்றுக்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த வயதில் என்ன நினைவு?

இந்தத் தொடரைப் படித்துவிட்டு, சென்ற வாரம் தைப்பிங்கிலிருந்து ஒரு வாசகர் பத்திரிகை ஆசிரியருக்கு எழுதியிருக்கிறார். "இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு என்ன நினைவுக் குறிப்பு வேண்டிக்கிடக்கிறது? நரைத்தபின் எழுதட்டுமே" என்று. ஆசிரியர் கடிதத்தை அப்படியே எனக்கு அனுப்பிவிட்டார். ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார், வேறொன்றும் இல்லை.

ஐயா, நரைத்தபின் கோபம் இருக்காது. எல்லாவற்றுக்கும் காரணம் புரிந்து, எல்லாரையும் மன்னித்து, சந்தனம் பூசினாற்போல ஒரு நடை வந்துவிடும். எனக்கு அது வேண்டாம். சூடாக இருக்கும்போதே எழுதுகிறேன்.

ஆனால் இந்த அத்தியாயத்தை மட்டும் நான்கு ஆண்டுகள் அடக்கி வைத்திருந்தேன். அப்பா தண்ணி ஆபீசிலிருந்து ஓய்வு பெறட்டும் என்று காத்திருந்தேன். போன மாதம் ஓய்வு பெற்றார். மாலை போட்டு, ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்து அனுப்பினார்கள். கடிகாரம் ஓடுகிறது. நானும் ஆரம்பிக்கிறேன்.

உப்பு எங்கே நிற்கிறது

நாடு சுதந்திரம் பெற்ற மெர்டேக்காவுக்கு அடுத்த ஆண்டு எனக்குப் பதினெட்டு. மலாக்காவில், காஜா பெராங்கில் பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக எங்கள் வாடகை வீடு. நான் படித்த பெண்கள் பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுக்க மிஸ் ஹார்ப்பர் என்றொரு அமெரிக்கப் பெண்மணி இரண்டு ஆண்டுக்கு வந்திருந்தார். ஊருக்குத் திரும்பும் முன் ஒரு கல்லூரியின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். "எழுதிப் பார். அவர்கள் உன்னைப் பற்றிக் கேட்பார்கள். உண்மையாக எழுது."

படிவம் கப்பலேறி வந்தது. கடைசிப் பக்கத்தில் அந்தக் கேள்வி: நீ யார், ஏன் இங்கே வர விரும்புகிறாய், உன் சொந்த வார்த்தைகளில் எழுது.

அதுவரை என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அப்பன் யார், எந்தத் தோட்டம், எந்த ஜாதி, எத்தனை பேர் என்று கேட்டிருக்கிறார்கள். நீ யார் என்று ஒரு தாள் கேட்டது. எனக்குத் தலை கிறுகிறுத்துவிட்டது.

நான் யார் என்பதற்கு என்னிடம் ஒரே ஒரு பதில்தான் இருந்தது. கிணறுகள்.

தெங்கேராவில் கடலோரக் கிணறுகளில் தண்ணீர் உப்புக் கரிக்கும். எங்கள் பக்கம் இனிக்கும். அப்படியென்றால் நடுவில் எங்கோ ஒரு கிணற்றில் உப்பு நின்றாக வேண்டும். எந்தக் கிணறு? இந்தக் கேள்வி பிடித்துக்கொண்ட நாளிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. தெங்கேராவிலிருந்து எங்கள் வீடுவரை வரிசையாகப் பன்னிரண்டு கிணறுகள் பார்த்து வைத்தேன். சோயா சாஸ் போத்தல்களைக் கழுவி, எண் ஒட்டி, சைக்கிளில் தொங்கவிட்டுக்கொண்டு போவேன். பள்ளிச் சோதனைக்கூடத்தில் வெள்ளி நைட்ரேட் சொட்டுவிட்டால் நல்ல தண்ணீர் லேசாக மங்கும். உப்புத் தண்ணீர் தயிராகத் திரளும். விரலில் பட்டால் கறுத்துப்போய் இரண்டு வாரம் போகாது. அம்மா புளி போட்டுத் தேய்த்துப் பார்த்து, "கரியடுப்புல வேல செய்யறவ கை மாதிரி இருக்கு, எவன் கட்டுவான்?" என்பாள்.

ஆறாவது கிணறு ஒரு செட்டி வீட்டுக் கிணறு. மலாக்காச் செட்டிகளுக்குச் சாமி நம் சாமி, பேச்சு மலாய். வீட்டுக்காரர் சாரோங்கை இறுக்கிக் கட்டிக்கொண்டு என் போத்தலையே பார்த்தார்.

"ஆயிர் புன் மாவ் பெரிக்சா கா?" என்றார். தண்ணீரையுமா சோதிப்பார்கள் என்று கேட்கிறார். ஆமாம் என்றேன். கிணற்றுக்கு என்ன வியாதி என்று தெரிந்தால் தனக்கும் சொல், மருந்து வாங்கி ஊற்றிவிடலாம் என்று மலாயில் சொல்லிச் சிரித்தார். ஆனால் அடுத்த முறை நான் போனபோது, கயிற்றைப் புதிதாக மாற்றி, வாளியைக் கழுவி வைத்திருந்தார்.

மழைக்காலத்தில் உப்பு மூன்றாம் கிணற்றோடு நின்றது. வெயில் காலத்தில் ஐந்தாம் கிணறுவரை வந்தது. கடல் யாருக்கும் தெரியாமல் தரைக்கடியில் இரண்டு கிணற்றுத் தூரம் நடந்து வந்து, மழை பெய்ததும் திரும்பிப் போகிறது! இதை எழுதினேன். வரைபடம் போட்டேன். பன்னிரண்டு கிணற்றையும் வட்டமிட்டு, உப்பு வந்து நிற்கும் இடத்தில் நீலமையில் கோடு இழுத்தேன். ஏன் நிற்கிறது, ஏன் திரும்புகிறது என்று எனக்குச் சொல்லிக்கொடுக்க இங்கே ஆளில்லை, அதனால் வர விரும்புகிறேன் என்று முடித்தேன். நான்கு பக்கம். ஒரு வரிகூட யாரிடமும் கேட்டு எழுதவில்லை.

அனுப்ப வேண்டிய அன்று எனக்குக் கேம்பிரிட்ஜ் பரீட்சை. ஸ்டுடியோவில் என் படம் மட்டும் வாங்க வேண்டியிருந்தது. உறையை ஒட்டாமல் அப்பாவிடம் கொடுத்தேன். படத்தை வாங்கி, உள்ளே வைத்து, ஒட்டி, ரிஜிஸ்தர் தபாலில் போடுங்கள் அப்பா. அவ்வளவுதான் வேலை.

திடலில் கத்திய வாய்

அப்பா தண்ணி ஆபீசில் பைப் ஃபிட்டர். கிளேபாங்கிலிருந்து பத்து பெரெண்டாம் என்ற ஊர் வரைக்கும் தரைக்கடியில் எந்தக் குழாய் எங்கே திரும்புகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். பேச்சு குறைவு. ஆனால் சுதந்திரம் வரப்போகிறது என்று கடலோரத் திடலில் கூட்டம் கூடிய அன்று, என்னையும் இழுத்துக்கொண்டு போய், எல்லாரோடும் சேர்ந்து மெர்டேக்கா என்று தொண்டை கிழியக் கத்தியவர் அவர். மூன்று நாள் குரல் இல்லை. அம்மா மிளகு ரசம் வைத்துக் கொடுத்தாள்.

அதே அப்பாதான் என் உறையை எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்கு எதிரே உள்ள அஞ்சடிக்குப் போனார்.

கடைகளின் முன்னால் ஐந்தடி அகலத்தில் ஓடும் நிழல் வழிக்கு இங்கே அஞ்சடி என்று பெயர். அந்த அஞ்சடியில் ஒரு மேசை, ஒரு தட்டச்சு, ஒரு முக்காலி. மேசைக்குப் பின்னால் மனு எழுதும் ராவுத்தர். வெள்ளைத் தொப்பி, வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் மூன்று பேனா. ஆங்கிலத்தில் மனு எழுத வேண்டுமானால் மலாக்காவில் தமிழர்கள் அவரிடம்தான் போவார்கள். லைசென்ஸ் வேண்டுமா, குடியுரிமை வேண்டுமா, ஊரிலிருந்து தம்பியை வரவழைக்க வேண்டுமா, ராவுத்தரிடம் போ.

அப்பா விலாசத்தை மட்டும் தட்டச்சில் போடச் சொல்லித்தான் போனாராம். கையெழுத்தில் இருந்தால் மதிக்க மாட்டார்கள் என்று பயமாம். ராவுத்தர் உள்ளே இருந்ததை எடுத்துப் படித்தார். நான்கு பக்கத்தையும் படித்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"என்ன கோவிந்தன், உம்ம மவ தொரைக்குக் கெணத்துக் கணக்கு எழுதியிருக்கா? ஒரு எடத்துலகூட 'தயவு' இல்ல. 'பணிவு' இல்ல. எனக்குத் தெரியும், நான் கண்டுபிடிச்சேன், நான் வர்றேன்னு இருக்கு. திமிர் புடிச்ச புள்ளன்னுல்ல நெனப்பான்?"

"அப்ப என்ன செய்யலாம் ராவுத்தரே?"

"மனுன்னா அழுவணும். அழுவாத மனுவ எந்தத் தொர படிச்சிருக்கான்?"

அழுதார். தட்டச்சில், இரண்டு பக்கத்துக்கு, எனக்காக அழுதார். அப்பா என் நான்கு பக்கத்துக்குப் பதிலாக அதை உள்ளே வைத்து ஒட்டி, ரிஜிஸ்தரில் போட்டுவிட்டு, வரும் வழியில் எனக்குப் பரீட்சை எழுதிய களைப்புக்கென்று ஒரு சீப்பு பிசாங் மாஸ் வாழைப்பழம் வாங்கி வந்தார். நானும் தின்றேன். ஆறு பழம் தின்றேன். அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

பிஸ்கட் டின்

இவ்வளவும் அன்று மதியம் அடுப்படியில் அப்பா துண்டுதுண்டாகச் சொன்னது. சொல்லி முடித்தபோது ஈரக்காலும் காய்ந்துவிட்டிருந்தது.

"நல்லதுக்குத்தானே செஞ்சேன். எடம் கெடச்சிருச்சில்ல?" என்றார்.

"யாருக்குக் கெடச்சுது? எனக்கா? ராவுத்தர் பெத்த ஒருத்திக்குக் கெடச்சிருக்கு!"

"சத்தம் போடாத மணி."

"போடுவேன். நீங்க திடல்ல போட்டீங்களே, அந்தச் சத்தம் யாருக்காகப் போட்டீங்க? கத்துறது மெர்டேக்கா, எழுதுறது 'தங்கள் பாதமே கதி'யா?"

அப்பாவிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் முறை. அம்மா வழக்கமாக இந்த இடத்தில் என் வாயைப் பொத்துவாள். அன்று பொத்தவில்லை. எழுந்து போய், கட்டிலுக்கடியிலிருந்து அப்பாவின் பிஸ்கட் டின்னை இழுத்துக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள். ராவுத்தர் ஒவ்வொரு மனுவுக்கும் கார்பன் நகல் ஒன்று கொடுப்பார் என்பதும், அப்பா எந்தத் தாளையும் எறிய மாட்டார் என்பதும் அவளுக்குத் தெரியும்.

"படி. என்னை எப்படிக் கொன்னாருன்னு கேப்போம்."

"வேணாம் அஞ்சல," என்றார் அப்பா. அவசரமாகச் சொன்னார். நாங்கள் கவனித்திருக்க வேண்டும்.

டின்னில் பிறப்புப் பத்திரம், அம்மை குத்திய சீட்டு, குடியுரிமைத் தாள். அவற்றுக்கடியில் ஊதா மையில் என் மனு. தாயார் காசநோயால் காலமானார், தகப்பனார் தளர்ந்த கூலி, மனுதாரி மெழுகுவத்தி வெளிச்சத்தில் படித்தவள், தங்கள் கருணை என்னும் நிழலை நாடி... நான் தமிழில் சொல்லச் சொல்ல அம்மா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். காசநோய் என்றதும் மட்டும், "அது வேற" என்றாள்.

அதற்கும் கீழே இன்னொரு ஊதாத்தாள் இருந்தது. மடிப்பில் கிழிந்து, பழுப்பேறி.

"அது பழசு, வுடு," என்றார் அப்பா.

நான் விடவில்லை.

பழைய ஊதாத்தாள்

ஜப்பான்காரன் காலத்தில் அப்பாவைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். கூடப் போன பெரியப்பா அங்கேயே போய்ச் சேர்ந்துவிட்டார். அப்பா எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்து, பழைய வேலைக்குத் திரும்ப தண்ணி ஆபீசுக்கு ஒரு கடிதம் கொடுத்தார். இத்தனை ஆண்டு வேலை செய்தேன், சயாமுக்குப் பிடித்துப் போனார்கள், வந்துவிட்டேன், வேலை கொடுங்கள். எல்லாம் உண்மை. பதில் வரவில்லை. மறுபடியும் கொடுத்தார். வரவில்லை. பிறகுதான் யாரோ அஞ்சடிக்கு வழி காட்டினார்கள். பதினைந்தே நாளில் வேலை கிடைத்தது.

இந்தக் கதையை நூறு முறை கேட்டிருக்கிறேன். ராவுத்தர் கை ராசியான கை என்று முடியும். அந்த மனுவில் என்ன எழுதியிருந்தது என்பது மட்டும் கதையில் வராது.

இப்போது என் கையில் இருந்தது. சயாம் அதில் ஒரு வரி. பெரியப்பா இல்லவே இல்லை. மீதியெல்லாம் இதுதான்: மனுதாரனின் மனைவி போர்க்காலத்தில் காலமாகிவிட்டாள், தாயற்ற கைக்குழந்தையை இடுப்பில் ஏந்தி வீதியில் நிற்கிறான்.

அந்தக் கைக்குழந்தைக்கு அப்போது ஐந்து வயது. மாமரம் ஏறுவாள்.

அம்மாதான் மெதுவாக ஆரம்பித்தாள்.

"அப்போ... குவாட்டர்ஸ்?"

கல்யாணமானவர்களுக்குத் தண்ணி ஆபீஸ் குவாட்டர்ஸ் கொடுக்கும். சிமெண்டுத் தரை, கரண்டு விளக்கு. அப்பாவுக்குப் பின்னால் வேலைக்கு வந்தவர்களெல்லாம் குடிபோய்விட்டார்கள். எங்களுக்கு மட்டும் ஒவ்வோர் ஆண்டும் "நெறைய பேரு வரிசையில நிக்கிறாங்க." அம்மா பன்னிரண்டு ஆண்டாக அந்த வரிசை நகரும் என்று காத்திருந்தாள். செத்துப்போன பெண்சாதிக்குக் குவாட்டர்ஸ் எப்படிக் கேட்பது?

எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. ஆபீசில் ஆண்டுக்கொரு முறை தேநீர் விருந்து. குடும்பத்தோடு போகலாம். அப்பா என்னை மட்டும் கூட்டிப் போவார். அம்மாவுக்கு வெயில் ஒத்துக்காது என்பார். தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணியின் மனைவி என் தலையைத் தடவித் தடவி, எல்லாப் பிள்ளைக்கும் ஒரு துண்டு கேக் என்றால் எனக்கு இரண்டு துண்டு கொடுப்பார். நான் அழகாக இருக்கிறேன் என்றுதான் கொடுக்கிறார் என்று ஏழெட்டு ஆண்டு நம்பினேன்.

அம்மா தேங்காய்த் துருவலை ஒரு தட்டால் மூடினாள். அப்பாவைப் பார்த்து மிகவும் அமைதியாகச் சொன்னாள்:

"தண்ணி ஆபீசுல செத்தே இருந்துக்கறேன். ஒங்க சோறு அதுல இருக்கு. இப்ப எந்திரிச்சு வந்தா ஒங்க வேல போயிரும். ஆனா அமெரிக்காவுல நான் சாவ மாட்டேன்."

"நாலே வருசந்தான அஞ்சல. புள்ள படிச்சிட்டு வந்துரும்."

"நாலு வருசம் அது எனக்குக் காயிதம் எழுத முடியுமா? செத்தவளுக்கு எவ காயிதம் போடுவா? நான் ஒரு முறுக்கு சுட்டு அனுப்புனா யாரு அனுப்புனதுன்னு சொல்லும்? இந்தச் சட்டை பின்றாங்களாமே, அந்தப் பொம்பளைங்க, ஒங்கம்மா எப்படிம்மா செத்தாங்கன்னு கேட்டா, ஒவ்வொரு வாட்டியும் இது என்னைக் கொல்லணும்."

நான் என்ன செய்ய வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை.

பதில்

அன்றைக்கே எழுதினேன். கோபம் வந்தால் என் எழுத்து வலப்பக்கம் சாயும், அன்று படுத்தேவிட்டது. அம்மா உயிரோடு இருக்கிறாள், நல்ல ஆரோக்கியத்தோடு திட்டுகிறாள். முன்பு வந்த இரண்டு பக்கம் நான் எழுதியதல்ல. நான் எழுதியது இதோ. குறிப்பேட்டிலிருந்து நான்கு பக்கத்தையும் மறுபடி எழுதி, பன்னிரண்டு கிணற்றையும் மறுபடி வரைந்து, நானே போய்த் தபாலில் போட்டேன்.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. என் நேர்மையை மதிக்கிறார்களாம். ஆனால் அந்த உதவிப்பணம் தாயை இழந்த மாணவிகளுக்கென ஒரு புண்ணியவதி எழுதி வைத்தது. எனக்குச் சேராது. கம்பளிச் சட்டை வேறொரு தகுதியான மாணவிக்குப் போய்விட்டது. வேண்டுமானால் அடுத்த ஆண்டு பொதுப் போட்டியில் விண்ணப்பிக்கலாம். அதற்குத் தாயார் உயிரோடு இருப்பதாகச் சத்தியம் செய்த தாள் ஒன்று இணைக்க வேண்டும்.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. கடைசியில் ஒரு வரி இருந்தது. கிணறுகளைப் பற்றிய கட்டுரை சுவையாக இருந்ததாம். "ஆனால் அதிலிருந்து உங்களைப் பற்றி எங்களுக்கு எதுவும் தெரியவில்லை."

அந்த வரியை எத்தனை முறை படித்தேன் என்று சொல்ல மாட்டேன். ராவுத்தர் அழுததில் என்னைக் கண்டார்கள். காசநோயில் கண்டார்கள். மெழுகுவத்தியில் கண்டார்கள். கறுத்த விரலோடு வெயிலில் சைக்கிள் மிதித்து, கடல் எந்தக் கிணற்றில் நிற்கிறது என்று பார்த்தவளை மட்டும் காணவில்லை. நீ யார் என்று கேட்பார்களாம். இதுதான் என்று காட்டினால், இது நீயில்லை, இன்னும் கொஞ்சம் அழு என்பார்களாம். அஞ்சடிக்கும் அந்தக் கல்லூரிக்கும் நடுவே ஒரு சமுத்திரம் இருக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன்.

முடிவை மறைத்து வைக்கும் பழக்கம் எனக்கில்லை. அடுத்த ஆண்டும் கிடைக்கவில்லை. அதன்பிறகு வேறு இரண்டு கல்லூரிகளுக்கு எழுதினேன். ஒன்று இல்லை என்றது, ஒன்று பதிலே போடவில்லை. பத்து பெரெண்டாம் பக்கம் ஒரு தமிழ்ப் பள்ளியில் தற்காலிக ஆசிரியையாக இருக்கிறேன். இந்த ஆண்டுக்கான படிவம் இதை எழுதும் மேசையிலேயே கிடக்கிறது. கிணறுகள் இப்போது முப்பத்தொன்று.

அஞ்சடியில் அம்மா

சத்தியத்தாள் என்று சொன்னேனே. மலாக்காவில் அதை யார் தட்டச்சு செய்வார்கள்? கோர்ட்டுக்கு எதிரே ஒரே ஒருவர்தான்.

அம்மா தீபாவளிச் சேலையைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். அப்பா இரண்டடி பின்னால் வந்தார். ஆறு வற்றியிருந்த நேரம். சேற்று நாற்றமும் பக்கத்துக் கடையின் கருவாட்டு நாற்றமும் அஞ்சடி முழுக்க. ராவுத்தர் எழுந்து நின்றார்.

"வாங்க கோவிந்தன். இது யாரு, தங்கச்சியா?"

"நீங்க ரெண்டு வாட்டி கொன்ன பொம்பள," என்றாள் அம்மா.

ராவுத்தர் முக்காலியை அவள் பக்கம் நகர்த்தினார். வெட்கப்பட்டாரா என்று கேட்டால், இல்லை.

"உக்காரும்மா. என் மனுவுல செத்தவங்கள்லாம் நல்லா நெடுநாள் இருப்பாங்க. உயிரோட இருக்குற பொஞ்சாதிக்காக எந்தத் தொர இரங்கியிருக்கான், சொல்லு? உண்மைய எழுதி இவரு ரெண்டு காயிதம் குடுத்தாரே, என்ன ஆச்சு? இந்த மேசையில முப்பது வருசமா நான் பாக்குறதுதான் இது."

பதில் சொல்ல எனக்கு வாய் துடித்தது. அப்போதுதான் தட்டச்சைப் பார்த்தேன். சத்தம் கேட்காமலிருக்க அதற்கடியில் தடித்த தாள் மடித்து வைக்கப்பட்டிருந்தது. தாளின் ஓரத்தில் நீலக்கோடு. வட்டங்கள். என் கிணறுகள்.

பிடித்து இழுத்தேன். தட்டச்சு மேசையில் மோதி மணியடித்தது.

"நல்ல கனமான தாளு மவளே," என்றார் ராவுத்தர். "தூக்கிப்போட மனசு வரல." அவர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார் என்பதுதான் கொடுமை.

புதுத்தாளைச் செருகினார். விரல்கள் தாமாக ஓட ஆரம்பித்தன. நான் எட்டிப் பார்த்தேன். 'மிகத் தாழ்மையுடன் தங்கள் சமூகத்துக்கு' என்று முதல் வரி விழுந்துகொண்டிருந்தது.

"நிறுத்துங்க," என்றேன். "இருக்கேன்னு மட்டும் போடுங்க."

"அது எப்படிம்மா, ஒரு மரியாதை..."

அம்மா எழுந்தாள். அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு பேனாவை அவளே எடுத்தாள். தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்புவரை படித்தவள். அவள் எழுதி நான் பார்த்ததே இல்லை. ராவுத்தர் மறுபேச்சில்லாமல் இன்னொரு தாளை வைத்து, பெயரும் விலாசமும் ஒரே ஒரு வாக்கியமும் தட்டி, கீழே கையெழுத்துக்கு ஒரு கட்டம் போட்டுக் கொடுத்தார். அம்மா மேசையோடு மேசையாகக் குனிந்து, நாக்கின் நுனியைக் கடித்துக்கொண்டு, தமிழில் எழுதினாள். நான் உயிரோடு இருக்கிறேன். அஞ்சலை. எழுத்து ஒவ்வொன்றும் கொட்டைப்பாக்கு அளவு. 'உயிரோடு' வருவதற்குள் கட்டம் தீர்ந்துபோய்விட்டது. அவள் நிறுத்தவில்லை.

"கட்டத்துக்கு வெளிய போவுதே அஞ்சல," என்றார் அப்பா. "தள்ளிருவானுங்க."

"போவட்டும்," என்றாள் அம்மா, தலை நிமிராமல். "செத்தவளுக்குத்தான் அளவெடுத்துக் குழி வேணும்."

மை காயும்வரை அந்தத் தாளை அவள் யார் கையிலும் கொடுக்கவில்லை.